முன்கூட்டியே எழுதிய பூஜ்யங்கள்

மருந்து ஆய்வு ஒருங்கிணைப்பாளர் பயிற்சியின் முதல் நாளில் உங்களுக்குக் கொடுக்கப்படும் தடித்த கோப்பை நான் பலமுறை முழுக்கப் படித்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தை எப்படி வாசித்துக் காட்டுவது, மீந்த மாத்திரைகளை எப்படி எண்ணித் திரும்பப் பெறுவது, தவறாக எழுதியதை அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இடுவது எப்படி என்பதெல்லாம் அதில் தெளிவாகவே இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஓய்வு பெற்றவர்களின் நினைவுகளைத் தொகுக்கிறோம், இனிமையாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்றுதான் என்னிடம் கேட்டார்கள். இனிய நினைவுகள் எனக்கும் உண்டு. ஆனால் நாளைக் காலை நீங்கள் ஒரு நோயாளியின் எதிரே உட்கார்ந்து அவர் கையில் ஒரு நாட்குறிப்பைக் கொடுக்கப்போகிறீர்கள். அதற்கு முன் அந்தக் கோப்பில் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் செவிலியராகத் தொடங்கியவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு நெஞ்சகநோய் மையத்தில் பல ஆண்டுகள் வார்டு பார்த்தேன். அங்கே புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் ஒருங்கிணைப்பாளரானேன். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வார்ப்புப் பட்டறைகளிலும் கிரைண்டிங் தூசியிலும் இளமையைக் கழித்தவர்கள். மீதிப் பேர் விறகடுப்பின் முன்னே கழித்தவர்கள். மூச்சுக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சுருங்கி, காற்றறைகள் சிதைந்துபோன பிறகுதான் வருவார்கள். சிதைந்தது திரும்பி வளர்வதில்லை. கையிலிருக்கும் மருந்துகள் இளைப்பைத் தணிக்கும். நோய் திடீரென்று முற்றும்போது காலத்தோடு ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனால் நோயை நிறுத்திவைக்க எதுவும் இல்லை. அதனால்தான், புது மாத்திரை ஒன்று சோதனைக்கு வந்திருக்கிறது என்று சொன்னதும் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்துவிடுவார்கள். அந்த நிமிர்வைப் பார்த்து நாம் மகிழக் கூடாது. நான் மகிழ்ந்திருக்கிறேன்.

கஜேந்திரன் அப்படி நிமிர்ந்தவர்களில் ஒருவர். பட்டாபிராமில் குடியிருந்தார். வார்ப்பில் பிசிறு நீக்கும் கிரைண்டிங் மெஷினில் முப்பது ஆண்டுக்கு மேல் நின்றவர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவரை அறுபதுக்கு முன்பே வேலையை விட்டு இறக்கிவிட்டது. மனைவி அமுலு கூடவே வருவார். இருவரும் ரயிலில் அம்பத்தூர் வந்து இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் மையத்துக்கு வருவார்கள். வந்ததும் கஜேந்திரன் அன்றைய நிலவரத்தை ஒரே வரியில் அறிவிப்பார். “பிரிட்ஜு நாலு ஸ்டாப்பு, சிஸ்டர்.” பட்டாபிராம் நிலையத்தின் நடைமேம்பாலத்தை ஏறிக் கடக்க எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினார் என்பது அதன் பொருள். எங்கள் கருவிகள் சொன்ன எந்த எண்ணையும்விட நான் அதை நம்பினேன்.

அந்த ஆய்வின் அமைப்பு எளிமையானது. வழக்கமான மருந்துகள் எதுவும் நிற்காது. அவற்றோடு கூடுதலாக ஒரு மாத்திரை. சிலருக்குப் புது மருந்து. சிலருக்கு அதே நிறத்தில், அதே அளவில், உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நோயாளி ஒவ்வொரு மாலையும் நாட்குறிப்பில் இருமல், சளி, மூச்சுத்திணறல், தூக்கம் ஆகிய நான்குக்கும் எண் இட வேண்டும். தொந்தரவே இல்லையென்றால் பூஜ்யம். தாங்க முடியாவிட்டால் நான்கு.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியபோது, வெற்று மாத்திரையும் கிடைக்கலாம் என்ற இடத்தில் கஜேந்திரன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“எனுக்கு நல்லதாத்தான் வரும் சிஸ்டர். மூஞ்சப் பாத்தாலே தெர்ல?”

“இந்த மூஞ்சிக்கு ரேஷன்லயே நல்ல அரிசி வரல,” என்றார் அமுலு.

மூன்று பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முதல் மாதம் முடிந்து வந்தபோது பாலத்தில் இரண்டே நிறுத்தங்கள். இன்னொரு செய்தியையும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் தானாகக் குளிக்கத் தொடங்கியிருந்தார். இந்த நோயில் தலைக்குமேல் கையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவது பெரும்பாடு. ஒன்றரை ஆண்டாக அமுலுதான் ஊற்றிவிட்டுக்கொண்டிருந்தார். இப்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தாமே குளிக்கிறார். “தாப்பா போட்டுகினு குளிச்சி எவ்ளோ நாளாச்சி தெரியுமா சிஸ்டர்?” என்றபோது அவர் முகத்தில் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆய்வின் எந்தப் படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை. அவர் அந்த ஆய்வில் தொடர்ந்து இருக்க விரும்பியது நீண்ட ஆயுளுக்காக அல்ல, அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது.

இரண்டாம் மாத நடுவில் அவருக்கு நோய் முற்றியது. அப்போது அவர் நாட்குறிப்பில் நேர்மையாக மூன்று, மூன்று, நான்கு என்று எழுதினார், தொலைபேசியிலும் அழைத்தார். எங்கள் தலைமை மருத்துவர் உடனே ஸ்டீராய்டு தொடங்கினார். ஒரு வாரத்தில் தேறிவிட்டார். எல்லாம் சரியாக நடந்தது. அதற்குப் பிறகு விதிப்படி நான் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னேன்: இன்னொரு முறை இப்படி ஆனால் ஆய்வு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பழைய சிகிச்சை மட்டும் தொடரும்.

கஜேந்திரன் நாட்குறிப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப மெஷினு மாதிரிதான்,” என்றார்.

“என்ன மெஷின்?”

“அங்க ஷிஃப்டு முடிஞ்சா லாக் புக்குல எயுதணும் சிஸ்டர். சத்தம் வருதா, ஆடுதா, சூடாவுதான்னு. நான் புச்சா சேந்தப்போ, சத்தம் கீதுன்னு ஒருவாட்டி உண்மைய எயுதிட்டேன். அடுத்த வாரமும் எயுதனேன். ரெண்டாவது வாட்டி எயுதனதும் மெயின்டனன்ஸ்காரன் வந்து மெஷினையே கயட்டி எட்த்துனு பூட்டான். மூணு மாசம் என் கையில தொடப்பத்தக் குட்த்து பெருக்க வுட்டானுங்க. அத்தோட சரி. வேலைய வுடற வரைக்கும் நார்மல்தான்.”

“மெஷின் நிஜமாவே நார்மலா இருந்ததா?”

“அது கத்திகினு கெடக்கும். நான் நார்மலு.”

நான் சிரித்தேன். நல்ல கதை என்று மதிய உணவின்போது சக பணியாளர்களிடம்கூடச் சொன்னேன். ஒரு மனிதர் தாம் இனி என்ன செய்யப்போகிறார் என்பதை எதிரே உட்கார்ந்து முழுக்கச் சொல்லியிருக்கிறார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். புத்தகங்கள் நிறையப் படித்தவள் என்ற பெயர் எனக்கு மையத்தில் உண்டு. ஒரு வாக்கியத்துக்கு எத்தனை பொருள் என்று பார்க்கத் தெரிந்தவள். என் எதிரில் சொல்லப்பட்ட வாக்கியத்தின் ஒரே பொருள் எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அவருடைய நாட்குறிப்பு மிகச் சுத்தமாக இருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. நீல மசி, ஒரே அளவில் வட்டமான பூஜ்யங்கள், எப்போதாவது ஒன்றிரண்டு. மருந்து நிறுவனத்தின் சார்பில் பதிவுகளைச் சரிபார்க்க வரும் பெண் அந்த நாட்குறிப்பை எடுத்துவைத்து, மற்ற மையங்களுக்கு இதைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மற்ற நோயாளிகளின் நாட்குறிப்புகளில் டீக் கறையும் அடித்தல் திருத்தலும் இருந்தன. ஒருவர் எண்ணுக்குப் பதிலாக ‘இன்று மழை, ரொம்ப மோசம்’ என்றே எழுதியிருந்தார். அந்தக் கறைபடிந்த பக்கங்களைப் பற்றி நான் அவர்களிடம் கடிந்துகொண்டதும் உண்டு. கஜேந்திரனின் புத்தகத்தை அவர்களுக்கு நானே காட்டியிருக்கிறேன், இப்படி எழுதுங்கள் என்று.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. குழாயில் ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் சோதனை எதுவும் இல்லாத நாள். மாத்திரை எண்ணிக்கை, நாட்குறிப்பு, நாடித்துடிப்பு, விரல்நுனியில் ஆக்ஸிஜன் அளவு, அவ்வளவுதான். தலைமை மருத்துவர் ஒரு மாநாட்டுக்காக வெளியூர் போயிருந்தார். திங்கள் காலை வருவார். பகலில் எந்த நேரமும் தொலைபேசியில் அழைக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கஜேந்திரன் உள்ளே வந்ததும் “ரெண்டு ஸ்டாப்பு சிஸ்டர்,” என்றார். சொன்ன பிறகு வாயைக் குவித்து, உதட்டால் மெல்ல ஊதி ஊதி மூச்சை வெளியேற்றினார். பிறகு கழிவறைக்குப் போனார். அவர் கதவு சாத்தும் வரை காத்திருந்த அமுலு என் மேசைக்கு அருகில் வந்து குனிந்தார்.

“ரெண்டும் இல்ல, நாலும் இல்ல. நாங்க பிரிட்ஜே ஏறல சிஸ்டர். ஊட்லேர்ந்து ஆட்டோ வெச்சிகினு வந்தோம். பத்து நாளா செவுத்துல சாஞ்சி குந்திகினேதான் தூங்கறாரு. சளி பச்சையா வருது. அந்த நீலக்கலர் பம்ப்ப எடுத்து வாயில அட்ச்சிகினே கீறாரு.”

“குளிக்கிறாரா?”

அவர் கண்களில் சட்டென்று நீர் கட்டியது. “நான்தான் ஊத்தறேன். அத்த மட்டும் உங்களாண்ட சொல்லவே கூடாதுன்னாரு.”

நான் நாட்குறிப்பைத் திறந்தேன். அந்தப் பத்து நாளும் பூஜ்யங்கள். வியாழன், பூஜ்யம். வெள்ளி மாலை இன்னும் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கும் பூஜ்யம். பக்கத்தைத் திருப்பினேன். சனிக்கிழமைக்கும் எழுதியிருந்தது. ஞாயிறுக்கும்.

கஜேந்திரன் திரும்பி வந்து உட்கார்ந்தார். மேசையில் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார், அமுலுவைப் பார்த்தார்.

“இன்னாமே, போட்டுக் குட்த்துட்டியா?”

“கஜேந்திரன், ஞாயித்துக்கிழமைக்கு எப்படி இன்னிக்கே எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“எப்டியும் அத்தேதானே எயுதப்போறேன்,” என்றார், சிரிக்க முயன்று. லாக் புக்கையும் அவர் அப்படித்தான் எழுதிவந்திருக்கிறார். மாதத்தின் முதல் நாளே உட்கார்ந்து கடைசி நாள்வரை நார்மல் என்று நிரப்பிவிடுவது அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் பழக்கம். தினமும் எழுதினால் என்றைக்காவது கை உண்மையை எழுதிவிடும் என்று அவர் சொன்னார்.

விரலில் கருவியைப் பொருத்தினேன். அளவு போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது; ஆனால் உடனே அறிவிக்க வேண்டிய எல்லைக்கு ஒரு புள்ளி மேலே. நீங்கள் எதிர்காலத்தில் மிகவும் அஞ்ச வேண்டிய எண் அதுதான். எல்லைக்குக் கீழே இருந்தால் விதி நம்மைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும். ஒரு புள்ளி மேலே இருந்தால் நம்மை நம்மிடமே விட்டுவிடும்.

“இன்னிக்கே ஆஸ்பத்திரில சேர்ந்துடுங்க. நான் போன் பண்ணிச் சொல்றேன்.”

“சேந்தா எயுதுவாங்க. அந்தச் சீட்டு உங்களாண்டதான் வரும். மாத்திரைய நிறுத்துவீங்க.” மூச்சுக்கு நின்றார். “சிஸ்டர், இந்த மாத்திரதான் எனுக்கு ஒயுங்கா ஒர்க் அவுட் ஆச்சி. இது சும்மா மழக்குளிரு. ரெண்டு நாள்ல சரியாய்டும். எயுதாதீங்க. திங்கக்கெயம வரேன். அப்பவும் இப்டியே கீறேன்னா உங்க கையால எயுதிக்கோங்க. நானே சொல்றேன், எயுதுங்கன்னு.”

அமுலு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். இனி அது என் பொறுப்பு.

நோயாளியின் மனைவி சொன்னாலும் அது நமக்குத் தெரியவந்த செய்திதான். தெரிந்த கணத்திலேயே பதிவு செய்து மருத்துவரை அழைக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த பாடம். தொலைபேசி என் வலக்கைப் பக்கத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. வருகைப் படிவத்தில் ‘கடந்த வருகைக்குப் பின் ஏதேனும் பாதிப்பு உண்டா?’ என்ற வரியில் உண்டு என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டேன். திங்களன்று மீண்டும் வருவார் என்று ஓரத்தில் குறித்தேன். மோசமானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அருகிலிருக்கும் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, இருவரிடமும் தலையசைப்பு வாங்கிக்கொண்டேன்.

இரக்கத்தால் செய்தேன் என்றுதான் நெடுநாள் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன். அந்த நாட்குறிப்பு எங்கள் மையத்தின் மாதிரிப் புத்தகமாகியிருந்தது. அது பொய் என்று நான் எழுதினால் அவருடைய பழைய பக்கங்கள் எல்லாம் கேள்விக்குள்ளாகும். அவற்றை வருகைதோறும் சரிபார்த்துக் கையெழுத்திட்டவள் நான். திங்களன்று மருத்துவர் வந்ததும், அவர் முன்னிலையில், சற்று நாகரிகமாக, அதை வெளியே கொண்டுவரலாம் என்று என் மனம் கணக்கிட்டது. அந்தக் கணக்கு முடிவதற்குள் இருவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

ஞாயிறு காலை கஜேந்திரன் எழுந்ததும், இன்று நானே குளிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அமுலு வேண்டாம் என்றிருக்கிறார். நாளைக்கு சிஸ்டரிடம் தாமாகக் குளித்தேன் என்று பொய்யில்லாமல் சொல்ல வேண்டும் என்றாராம். உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. அமுலு தட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். எதிர் ஃபிளாட்டில் புதிதாகக் குடிவந்திருந்த இளைஞரும் அவருடைய தந்தையும் வந்து கதவை உடைத்தார்கள். கஜேந்திரன் மருத்துவமனையில் இரண்டு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் இறந்தார்.

அவரைக் கவனித்த மருத்துவர் எங்களிடம் சொன்னது சுருக்கமானது: சாதாரணமாக முற்றிய நோய்தான், நான்கு நாள் முன்னால் ஸ்டீராய்டு தொடங்கியிருந்தால் அநேகமாக இவ்வளவு தூரம் வந்திருக்காது. அந்த ஸ்டீராய்டு புது மருந்து அல்ல. யாரும் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. எங்கள் மையத்தின் கீழ்த்தளத்து மருந்துக் கடையில் இருந்தது.

மரணத்தை அறிவிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘இது பற்றி மையப் பணியாளர் முதலில் அறிந்தது எப்போது?’ செவ்வாய் மாலை அந்தக் கேள்வியின் எதிரே உட்கார்ந்திருந்தேன். தலைமை மருத்துவர் கதவருகே நின்றிருந்தார். நான் ‘வெள்ளி’ என்று எழுதி, காலை மணியையும் எழுதி, அவரிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். “வெள்ளியா?”

“வெள்ளிதான் டாக்டர். அமுலு சொன்னாங்க. புத்தகத்தையும் பார்த்தேன்.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அம்மா,” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கையெழுத்திட்டுவிட்டு, கஜேந்திரன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அறநெறிக் குழு என்னை அழைத்து விசாரித்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. சில மாதம் ஆய்வுப் பணியிலிருந்து விலக்கி வைத்தது. அது தண்டனையாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு மீண்டும் அதே மேசைக்கு வந்தேன். ஆய்வு தொடர்ந்து நடந்து முடிந்தது. முடிவு ஒரு பத்தியில் வந்தது: புது மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, இந்த மருந்து மேற்கொண்டு உருவாக்கப்படமாட்டாது. அத்தனை பேரின் அத்தனை மாலைகளும் அந்த ஒரு பத்தியில் அடங்கின. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்ற பட்டியலும் கூடவே வந்தது. கஜேந்திரனின் எண்ணைத் தேடினேன்.

அவருக்குக் கிடைத்தது வெற்று மாத்திரை.

அந்த வாரமே பட்டாபிராமுக்குப் போனேன். நடைமேம்பாலத்தில் ஏறினேன். மூச்சுப் பிரச்சினை இல்லாத நானே பாதியில் ஒருமுறை நின்றேன். அமுலு என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் எதற்காக வந்தேன் என்று அவர் கேட்பதற்குள் சொல்லிவிட்டேன். தாமதித்தால் அதையும் ஒரு திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவேனோ என்ற பயம்.

அவர் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“அப்ப உள்ள ஒண்ணுமே இல்லியா சிஸ்டர்?”

“இல்லம்மா.”

“அத்த நிறுத்திடுவீங்கன்னுதானே மறச்சாரு.”

“ஆமா.”

“பிரிட்ஜு ரெண்டு ஸ்டாப்புல ஏறனாரே. நான் கூடப் போனேனே. தாப்பா போட்டுகினு குளிச்சாரே. அது பொய்யா?”

“பொய் இல்லம்மா. அவர் நிஜமாத்தான் ஏறினார். நிஜமாத்தான் குளிச்சார்.”

எப்படி என்று அவர் கேட்கவில்லை. நம்பிக்கையால் சிலருக்கு அப்படி நிகழும் என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன. அதைக் கணவரை இழந்தவரிடம் சொல்லும் முறையை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. அமுலு, “நான் உங்களாண்ட சொன்னேன்ல சிஸ்டர்?” என்று கேட்டார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. தம் பங்கில் தவறு ஏதும் இருந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“சொன்னீங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் எழுதல.”

அவர் தலையை ஆட்டினார். என்னை மன்னித்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. தேநீர் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புறப்படும்போது கதவருகே நின்று, கணவரோடு வேலை பார்த்த இன்னொருவருக்கும் இதே இளைப்பு, அவருக்குக் கொடுக்க அடுத்த புது மாத்திரை எப்போது வரும் என்று கேட்டார். அப்போது எங்கள் கையில் எதுவும் இல்லை. இதை எழுதும் இன்றும், போன நுரையீரலைத் திருப்பித் தருவதாக எதுவும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாட்குறிப்பைக் கையில் கொடுக்கும் முன், அவர் இதற்கு முன் எந்த வேலையில் எந்தப் பதிவேட்டை எழுதினார், அதில் உண்மையை எழுதியபோது அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். பதில் வேடிக்கையாக இருந்தால் சிரிக்கலாம். சிரித்துவிட்டு அதை எழுதிவையுங்கள். இதனால் யாராவது பிழைப்பார்கள் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. நான் அதற்குப் பிறகு எல்லோரிடமும் கேட்டேன். அதன் பின்னும் சிலரை இழந்தோம்.

ஆய்வு முடிந்து ஆவணங்களைப் பெட்டிகளில் கட்டியது என் பணிக்காலத்தின் கடைசி வேலைகளில் ஒன்று. கஜேந்திரனின் நாட்குறிப்பை, காரியம் முடிந்த மறுநாளே அமுலு கொண்டுவந்து ஒப்படைத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் ஞாயிறோடு நிறுத்தியிருந்த பக்கங்களை இப்போது தொடர்ந்து திருப்பினேன். திங்கள், செவ்வாய், அவர் இறந்த நாள், தகனம் செய்த நாள், அதற்குப் பிறகும் மாதக் கடைசிவரை நீல மசியில் வட்டமான பூஜ்யங்கள். இருமல் இல்லை. சளி இல்லை. மூச்சுத்திணறல் இல்லை. நன்றாகத் தூங்கினார். பேனாவை எடுத்து அவற்றை ஒற்றைக் கோட்டால் அடிக்கப்போனேன். நோயாளி தம் கையால் எழுதியதை அவரைத் தவிர யாரும் திருத்தக் கூடாது என்பது விதி. பேனாவை மூடிவிட்டு, புத்தகத்தை அப்படியே பெட்டியில் வைத்து ஒட்டினேன்.